கராத்தேய பாதியில விட வைக்கிற தவறுகள்

புதுசா கிளாசுக்கு வர்ற பிள்ளைங்கள பார்க்கிறப்போ ஒண்ணு தெளிவா தெரியுது, எங்க பேட்ச்ல எதால ஆளுங்க கழண்டு போனாங்களோ அதையே தான் இவங்களும் வரிசையா செய்றாங்க. நகம் வெட்டாம வர்றது, வோம் அப் நேரம் கதைச்சிட்டு நிக்கிறது எல்லாம் இங்க எழுதல, அது சேர்கிட்ட ரெண்டு ஏச்சு வாங்கினா தானா சரியாயிரும். வருஷக்கணக்கா பழக வேண்டிய ஆளு ஏன் நடுவுல காணாம போறாங்கிறது தான் விஷயம்.

பெல்ட்டுக்காக மட்டும் பழகுறது

கிரேடிங், அதாவது பெல்ட் மாத்துற பரீட்சை வருதுன்னா ஹோல் நிறைஞ்சிரும், முடிஞ்ச அடுத்த கிழமை பாதி பேர் இல்ல. ஆரம்பத்துல கலர் சட்டு சட்டுன்னு மாறும், பிரவுன் பெல்ட்டுக்கு வந்ததும் நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும், அங்க தான் மனசு விட்டுப்போகுது. ஷோட்டோகான்ங்கிற கராத்தே முறைய உருவாக்கின ஃபுனாகோஷி தன்னோட மாணவங்களுக்கு முதல் தடவையா பிளாக் பெல்ட் குடுத்ததே 1924ல தான், அவருக்கு முந்தி கராத்தே பிறந்த ஒக்கினாவாவுல பெல்ட்டே இல்லாம தான் பழகியிருக்காங்க. டெக்கி கட்டா (கட்டான்னா வரிசையா செய்ற அசைவு தொகுப்பு) மூணையும் படிக்க தனக்கு 10 வருஷம் போச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. அதனால சின்னதா ஒண்ண பிடிங்க. கியாக்கு சுக்கி, அதாவது முன்னங்காலுக்கு எதிர்ப்பக்க கையால குத்துறப்போ பின்னங்கால் குதி தரைய விட்டு எழும்பக் கூடாது, இந்த மாசம் முழுக்க அது மட்டும் போதும்.

"எக்ஸாம் முடிஞ்சு வர்றேன் சேர்"

இத கேட்டா எனக்கு இன்னமும் கோவம் வரும். படிக்க வேணாம்னு சொல்லல, தேயிலை தோட்டத்து பிள்ளைக்கு ஓஎல், ஏஎல் பரீட்சை எவ்வளவு பெருசுன்னு எங்களுக்கு தெரியாதா என்ன. ஒரேயடியா நிப்பாட்டுறாங்க பாருங்க, அதுல தான் கோவம். ஓஎல்லுக்கு நிக்கிறது, ரிசல்ட் வர்ற வரைக்கும் கொழும்புல கடை வேலைக்கு போறது, திரும்பி வந்தா ஏஎல் டியூஷன், நடுவுல மழை வேற, மஸ்கெலியா நோர்வூட் பக்கம் ஜூன் ஜூலைன்னா சொல்லவே வேணாம், துவைச்சு போட்ட கி (கராத்தே உடுப்பு) நாள் கணக்கா ஈரமாவே தொங்கும். ஒவ்வொரு காரணமும் நியாயம் தான், ஆனா எல்லாம் சேர்ந்து வருஷம் ரெண்டு போயிருது.

ஒரு தம்பி இருந்தான், மவாஷி கெரி, கால சுழட்டி அடிக்கிற உதை, அவ்வளவு சுத்தமா அடிப்பான். ஏஎல்லுக்கு நின்னவன் எக்ஸாம் முடிஞ்சும் வரல. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல வச்சு கேட்டா, "கட்டா எல்லாம் மறந்துட்டேன் அண்ணே, சின்ன பிள்ளைங்க முன்னுக்கு நிக்க வெக்கமா இருக்கு"ன்னான். ஹெய்யான் நிடான் கட்டா எப்படி தொடங்கும்னு அங்கயே கேட்டேன். தோள்ல பேக்கோட இடப்பக்கம் திரும்பி ரெண்டு கையையும் சரியா தூக்கினான்! மூச்சு தான் முதல்ல போகும், சில கிழமையிலயே குறைய தொடங்கிரும், ஆனா நல்லா பழகின அசைவு அவ்வளவு லேசுல உடம்ப விட்டு போகாது. அவன தடுத்தது வெக்கம் தான், அது மாசத்துக்கு மாசம் கூடிக்கிட்டே போகும், கடைசி வரைக்கும் அவன் வரவே இல்ல.

அதனால நிப்பாட்டாதீங்க, சுருக்குங்க. ஹெய்யான் ஷோடான் கட்டா 21 அசைவு, ஒரு தடவ செய்ய சுமாரா 40 செக்கன். லயத்து இஸ்தோப்புல (முன் திண்ணையில) இடம் பத்தாதுன்னா முன்னுக்கு போகாம நின்ன இடத்துலயே கால மாத்துங்க. பாடத்துக்கு நடுவுல ஒரு தடவ, அவ்வளவு தான். முடிஞ்சா ஞாயித்துக்கிழமை வந்து பின் வரிசையில கொஞ்ச நேரம் நின்னுட்டு போங்க, இத சேர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, எந்த சேரும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. பரீட்சை நேரத்துல என்ன கராத்தேன்னு வீட்டுல அம்மா ஏசினா அந்த 40 செக்கன செஞ்சு காட்டுங்க.

திரும்பி வந்த அன்னைக்கே பழைய உயரத்துக்கு உதைக்கிறது

தசை சீக்கிரம் பலம் பிடிக்கும், தசைநார் மெதுவா தான் பிடிக்கும். நுவரெலியா பக்கம் ஜனவரி குளிருல உடம்பு சூடாகவே நேரம் எடுக்கும், அதுல தலை உயரத்துக்கு கால வீசினா தொடைக்கு பின்னால பிடிச்சிக்கும், அப்புறம் மறுபடி வீட்டுல இருக்க வேண்டியது தான். முதல் மாசம் இடுப்புக்கு மேல உதைக்க வேணாம்.

போட்டிய மட்டும் நம்புறது

டோக்கியோ ஒலிம்பிக்ல கராத்தே வந்துச்சு, 2024 பாரிஸ்ல இருந்து தூக்கிட்டாங்க. அதுக்காக யாரும் பழகுறத விடல.

அடுத்தவன் எத்தனாவது கியூன்னு (பெல்ட் தரம்) பார்க்கிறது

பார்க்காதீங்க.

ஹோலுக்கு வந்து கி மாத்துறது

வீட்டுலயே போட்டு மேல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு வாங்க. குளிருல உடுப்ப கழட்டணுமேன்னு நினைச்சே பாதி நாள் கிளம்ப மாட்டீங்க.