அடுப்பு இந்தக் கோடியில், குளிர் அந்தக் கோடியில்

பெரிய ஹால், அதன் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட விறகுக் கணப்படுப்பு. குளிர் நாட்டில் இப்படி ஒரு வீட்டைப் படத்தில் பார்த்து மயங்கி வாடகைக்குப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான். நானும் அப்படித்தான் மயங்கினேன். முதல் வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்த நான் பனியனோடு வியர்த்துக்கொண்டிருந்தேன். அதே ஹாலின் மறுகோடியில், சமையலறையை ஒட்டிய மேசையில், என் மனைவி சால்வைக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நடுவில் சுவர்கூடக் கிடையாது.

சம்பிரதாயங்களை முதலில் முடித்துவிடுவோம். அடுப்பைப் பயன்படுத்த வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டில் விறகடுப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்டு, ஒரு வருடம் தாண்டியிருந்தால் ஆளை வரவழையுங்கள். விறகு காய்ந்ததாக இருக்கட்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்தால் கத்துகிற அலாரம் இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூடப் பற்றவைக்காதீர்கள். இந்தக் கடைசி வரிக்கு மறுபடியும் வருகிறேன்.

இன்னொன்று, சொல் குழப்பம். நாம் சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டுகிற புகை இழுக்கும் பெட்டியையும் சிம்னி என்கிறோம், கூரைக்கு மேலே போகிற குழாயையும் சிம்னி என்கிறோம். இதில் நான் பெட்டியைச் சமையலறைச் சிம்னி என்றும் குழாயைப் புகைபோக்கி என்றும் எழுதுகிறேன். இந்த இரண்டுக்கும் நடந்த சண்டையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அன்று எனக்குத் தோன்றிய யோசனை இதுதான்: சூடு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தால் வராமலா போகும்? மறுகோடியில் இழுப்பதற்கென்றே ஒரு இயந்திரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குச் சமையலறைச் சிம்னியை உச்ச வேகத்தில் போட்டேன். அடுப்பில் ஜுவாலை அடங்கி நல்ல தணல். சன்னல், கதவு எல்லாம் இறுக்கிச் சாத்தியாயிற்று, குளிர் வரக்கூடாதே என்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன்.

அரை மணி நேரத்தில் தலை கனத்தது. அலுப்பு என்று நினைத்தேன். மகன் எழுந்து வந்து குமட்டுகிறது என்றான். அவனுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் சுவரில் இருந்த அந்த வெள்ளை அலாரம் டப்பா கத்த ஆரம்பித்தது. முந்தைய வாரம் முழுக்க பேட்டரி தீர்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டு என் உயிரை வாங்கிய டப்பா. கழற்றி இழுப்பறையில் போட்டுவிடலாம் என்று ஸ்டூலில் ஏறியவன், எதற்கு வம்பு என்று புது பேட்டரி போட்டிருந்தேன். அந்தச் சோம்பேறி முடிவுதான் எங்களைக் காப்பாற்றியது. வெறும் சாக்ஸோடு மூன்று பேரும் பனியில் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு வீரர் கையில் கருவியோடு உள்ளே போய் வந்து, "எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே, யார் போட்டது?" என்று கேட்டார். படிப்பெல்லாம் படித்தவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது என்ன? புகைபோக்கிக்கு மோட்டார் கிடையாது. உள்ளே இருக்கிற சூடான புகை வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது, அந்த ஏற்றம்தான் இழுவை. அடுப்பு நன்றாக எரியும்போதே அது 10 முதல் 20 பாஸ்கல் அளவுதான். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு, வெறுமனே சொன்னால் பிடிபடாது, ஒரு ஏ4 தாளை மேசையில் வைத்தால் அது மேசையை அழுத்துவது முக்கால் பாஸ்கல் சொச்சம். ஆக, பதினைந்து இருபது தாள் அடுக்கிய கனம்தான் உங்கள் குடும்பத்துக்கும் புகைக்கும் நடுவே நிற்கிறது. தணலாகி அடங்கும்போது புகைபோக்கி ஆறி, அந்த இழுவையும் குறைகிறது. சமையலறைச் சிம்னியோ மணிக்கு 300 முதல் 600 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவைத்த வீட்டில் இருக்கிற ஒரே பெரிய ஓட்டை புகைபோக்கி. காற்று அதன் வழியே தலைகீழாக இறங்கி, அடுப்பைத் தாண்டி, தணலின் வாயுவையும் சேர்த்து ஹாலுக்குள் கொண்டுவந்தது.

இதில் என்னை ஏமாற்றியது தணல். புகை கண்ணில் படவில்லை, மூக்கில் நெடி இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். நேர்மாறு. ஜுவாலை அடங்கிய கரித்தணல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகமாக விடும் கட்டம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, ஆனால் காய்ச்சல் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் யோசிக்காதீர்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் அவசர எண்ணுக்குப் போன் போடுங்கள். பர்ஸ் எடுக்க, போன் சார்ஜர் எடுக்க என்று திரும்பி உள்ளே போகக்கூடாது.

குளியலறை எக்ஸாஸ்ட், துணி உலர்த்தும் இயந்திரத்தில் காற்றை வெளியே விடுகிற வகை, இவையும் அதே வேலையைத்தான் செய்யும், அளவு மட்டும் குறைவு. சில நாடுகளில் சன்னல் திறந்திருந்தால்தான் சமையலறைச் சிம்னி ஓடும்படி ஸ்விட்ச் வைத்தே கட்டுகிறார்கள். எங்கள் வாடகை வீட்டில் அப்படி எதுவும் இல்லை, இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்காரர் மறுநாள் போனில் என்னைக் காய்ச்சியதைத் தனியாக எழுத வேண்டும். புகைபோக்கிப் பரிசோதனைச் செலவும் என் தலையில்.

சரி, அப்புறம் சூட்டை எப்படித்தான் பரப்புவது?

நமக்குப் பழகியது ஃபேன். ஆனால் வெயிலில் வளர்ந்தவர்கள் ஃபேனை ஆள் மேல் காற்று படுவதற்காகப் போடுகிறோம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. உங்கள் தோலின் சூடு 33, 34 டிகிரி. ஹாலில் காற்று 24 டிகிரியாக இருந்தாலும் அது வேகமாக மேலே பட்டால் குளிரத்தான் செய்யும். அடுப்புக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்து மறுகோடியைப் பார்த்து ஊதவிட்டேன், மனைவி மூன்றாவது சால்வை கேட்டாள்.

எங்களுக்குப் பத்து வருடம் முன்னாலேயே இந்த நாட்டுக்கு வந்த ஒரு அண்ணன் எங்களைப் பார்க்க வந்தார், ஃபேனைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, ஃபேன் வெச்ச இடமே தப்பு. தூக்கிட்டுப் போய் அந்தக் கோடியில தரையில வை. மூஞ்சி அடுப்பைப் பார்த்து இருக்கணும்."

"அண்ணே, அங்கதான் குளிருதே, அங்க எதுக்குக் காத்து?"

"குளுந்த காத்தத்தான் நீ அனுப்பப் போற. வெச்சுப் பாரு, அரை மணி கழிச்சுப் பேசு."

அவர் சொன்னது சரி. 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டர் ஒன்றேகால் கிலோ எடை, 40 டிகிரிக் காற்று 1.13 கிலோ. சூடான காற்று கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், குளிர்ந்தது தரையில் தேங்கும். கூரையில் இருப்பதை ஃபேன் வைத்து ஒரு பக்கமாகத் தள்ள முயல்வது தண்ணீரில் மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் தள்ளுவது போல, கலங்குமே தவிரப் போகாது. தரையில் தேங்கியதை அடுப்பை நோக்கி நகர்த்தினால், அது காலி செய்த இடத்துக்கு மேலே இருக்கிற சூடு தானாக இறங்கி வரும். கீழே ஓர் ஓட்டம், மேலே எதிர் ஓட்டம். சின்ன ஃபேன், மிகக் குறைந்த வேகம், அவ்வளவுதான் வேண்டும். வேகம் கூட்டினால் இரண்டு ஓட்டமும் கலந்து கெட்டுவிடும். தணலை நேராக ஊதுகிற அளவுக்கு அடுப்புக்குக் கிட்டேயும் வைக்காதீர்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. டிஷ்யூ தாளைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு பட்டை எடுங்கள். ஹாலின் நடுவில் ஓர் உத்தரமோ கதவு நிலையோ இருந்தால் ஒன்றை மேலே, இன்னொன்றைக் கணுக்கால் உயரத்தில் டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். ஃபேன் சரியான இடத்தில் இருந்தால் கீழ்ப் பட்டை அடுப்புப் பக்கம் சாயும், மேல் பட்டை குளிர்ந்த பக்கம் சாயும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஃபேனை நகர்த்துங்கள். நான் இரண்டு வெப்பமானியும் வைத்தேன். ஸ்டூல் மேல் ஏறிக் கூரைக்குக் கிட்டே பிடித்தால் 29, தரையில் 15. ஃபேனை மாற்றி வைத்த ஒரு மணி நேரத்தில் 25, 19. விறகு ஒரு கட்டைகூடக் கூட்டவில்லை.

உத்தரம் என்று சொன்னேன், அதையும் பாருங்கள். இரண்டு அறையை இடித்து ஒன்றாக்கிய ஹால்களில் நடுவே கூரையிலிருந்து ஒரு முழம் இறங்கிய உத்தரம் இருக்கும். சூடு அந்த உத்தரத்துக்குப் பின்னால் அணைக்கட்டுத் தண்ணீர் மாதிரி நிற்கும், அதன் அடிமட்டம் வரை நிரம்பிய பிறகுதான் வழியும். அங்கே கூரை ஃபேன் இருந்தால் பெரிய உதவி. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், ஃபேன் முழுதும் நின்ற பிறகு அதை மாற்றுங்கள். கீழிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும், ஆகக் குறைந்த வேகத்தில். காற்று மேலே போய் கூரையைத் தடவி, சுவரோரமாகச் சூட்டை இறக்கும், தலையில் அடிக்காது. நாங்கள் முதல் இரண்டு மாதம் பழக்க தோஷத்தில் ஐந்தில் வைத்து நடுங்கினோம்.

அடுப்பின் தலையில் வைக்கிற, மின்சாரம் வேண்டாத குட்டி ஃபேன் ஒன்று விற்கிறார்கள். அடிப்பக்கச் சூட்டுக்கும் மேல்பக்கத் தகடுகளின் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே மின்சாரம் எடுத்துச் சுற்றும். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்ட விளைவு, அவர் பெயராலேயே வழங்குகிறது. பார்க்க அழகு, என் மகனுக்கு உயிர். ஆனால் அது தள்ளுகிற காற்று பெரிய ஹாலுக்குக் காணாது. வாங்கினால் அடுப்பின் பின்விளிம்பில் வையுங்கள், முதுகில் குளிர்ந்த காற்று பட்டால்தான் அது சுற்றும்.

இன்னொரு எரிச்சல். வீட்டின் மத்திய ஹீட்டருக்கான தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தால், அடுப்புச் சூட்டைப் பார்த்து வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று அது முடிவு கட்டி ஹீட்டரை நிறுத்திவிடும். படுக்கையறைகள் விறைத்துப்போகும், கடுங்குளிரில் தண்ணீர்க் குழாய் உறையக்கூட வாய்ப்புண்டு. ஹால் சரியானதும் எனக்கு இது நடந்தது, ஒரு பிரச்சினை தீர்ந்து அடுத்தது. தெர்மோஸ்டாட்டை இடம் மாற்ற முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை, எங்கள் உறவு அப்போது அந்த நிலையில் இல்லை.

பெரிய அடுப்பாக மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். ஹாலைவிடப் பெரிய அடுப்பை எரிக்கும்போது வெக்கை தாங்காமல் காற்றுவழியைக் குறைத்து மூச்சுத் திணற எரிப்பீர்கள். அப்படி எரித்தால் புகைபோக்கிக்குள் தார் படியும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

அலாரத்தை அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, அதே ஹாலில் வையுங்கள், நேர் மேலே வேண்டாம். அதற்கும் ஆயுள் உண்டு, முதுகில் தேதி போட்டிருக்கும். பேட்டரி கீச்சிட்டால் திட்டிக்கொண்டே மாற்றுங்கள்.

எங்கள் சமையலறைச் சிம்னியின் ஸ்விட்ச் மேல் மகன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: "அப்பா, அடுப்பு எரியுது. சன்னல திறந்தியா?" ஆவியில் சுருண்டு இதுவரை இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டு முறையும் அவனே எழுதி ஒட்டினான்.