மலைக்குப் போகாமலே மலைக்கு வீடு வரையாதீர்கள்: எம்.ஆர்க் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சூழலைக் கெடுக்காமல் கட்டச் சொல்லித்தரும் நிலைத்தகு கட்டடக்கலையில் எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளின் தீசிஸ் ரிவ்யூவுக்குப் போயிருந்தேன். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு சைட் ஏற்காடு. நான் படிக்கிற காலத்தில் எதில் தடுக்கி விழுந்தேனோ, மூன்று பேரும் அதிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் மனசு ஆறவில்லை.

கடைசி ராத்திரி ஷீட் பிரிண்ட் எடுப்பது, அடுத்தவர் எழுதிய பத்தியைத் தூக்கிப் போடுவது போன்றவற்றை உங்கள் கைடே திருத்திவிடுவார். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

வேறு ஊரின் வெதர் ஃபைல்

கட்டடம் எப்படிச் சூடாகும், எப்படிக் குளிரும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அதற்கு முதலில் வேண்டியது வெதர் ஃபைல். ஒரு வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் அதில் இருக்கும். நான் படித்தபோது ஏற்காட்டுக்கு அப்படி ஒரு ஃபைல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏற்காடு குளிர்ந்த ஊர், பெங்களூரும் குளிர்ந்த ஊர் என்று பெங்களூர் ஃபைலைப் போட்டேன். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் என்பதை நின்று யோசிக்கவில்லை.

நாகலூர் போகிற வழியில், காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கான தங்கும் விடுதிதான் என் தீசிஸ். கனமான கல் சுவர், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெரிய ஜன்னல்கள். ராத்திரிக் காற்று சுவரைக் குளிர்விக்கும், பகலில் அறை குளுகுளுவென்று இருக்கும் என்று மென்பொருள் சொன்னது. நான்கு மாத உழைப்பு. தீசிஸை மதிப்பிடும் இறுதி ஜூரியில் வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "டிசம்பர்ல அங்க ஒரு ராத்திரி தங்கியிருக்கீங்களா?"

தங்கியதில்லை. நான் போனதெல்லாம் மே மாத மத்தியானங்களில். தீசிஸைத் திருப்பிவிட்டார்கள். ஒரு செமஸ்டர் போனது, அப்பா கட்டிய ஃபீஸும் போனது.

அந்த டிசம்பரில் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) ஐந்து ராத்திரி தங்கினேன். முதல் நாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் ஜன்னலைத் திறந்தேன். வீட்டுக்காரப் பாட்டி எழுந்து வந்து, "சாத்து கண்ணு, பனி உள்ள வந்துரும்" என்றார். சாத்துவதற்குள்ளேயே புகை மாதிரி வெள்ளையாக உள்ளே வந்துவிட்டது. காலையில் தீக்குச்சியை உரசினால் மருந்து பெட்டியில் ஈஷிக்கொண்டு வந்ததே தவிர பற்றவில்லை. பாட்டி உப்புச் சாடியை அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்திருந்தார். கீழே வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமாம். முந்தின நாள் துவைத்த துணியும் அதே பரணுக்குக் கீழே கொடியில்தான். அந்த வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

என் விடுதியை அங்கே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடக்கிற கல் சுவரில், காலையில் சற்றுச் சூடேறிய ஈரக்காற்று பட்டால் சுவர் வேர்க்கும். வேர்த்த சுவரில் பூசணம் பிடிக்கும். நாள் முழுக்கத் தோட்டத்தில் நனைந்து வருகிறவர்களை அந்த அறையில் படுக்க வைக்க இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உறுத்துகிறது.

போன மாத ரிவ்யூவில் ஒரு பெண் சேலம் ஃபைலையே ஏற்காட்டுக்குப் போட்டிருந்தாள். "30 கிலோமீட்டர்தானே மேடம்" என்றாள். சாலையில் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,200 மீட்டர் மேலே போகிறோம். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி வீதம் குறைந்தால் 8 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. சித்திரையில் 39 டிகிரி கொதிக்கிற ஊரின் கணக்கை வைத்து, பனி இறங்குகிற சரிவில் கூரை மேல் தண்ணீர் தேக்கிக் குளிர்விக்கத் திட்டம் போட்டிருந்தாள். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது தண்ணீர் எப்படி ஆவியாகும்? மென்பொருள் இதைத் தடுக்காது. எந்த ஊர் ஃபைலைக் கொடுத்தாலும் கலர் கலராகப் படம் போட்டுத் தரும். அந்தப் படத்தைப் பார்த்து ஜூரியில் பாதிப் பேர் தலையாட்டியதுதான் எனக்கு ஆத்திரம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிந்துகொண்டிருக்கும் டேட்டா லாகர் கருவி இரண்டு இரவல் வாங்குங்கள். ஒன்றைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது பழைய வீட்டுக்குள் வையுங்கள். இன்னொன்று வெளியே, வெயிலும் மழையும் நேராகப் படாத இடத்தில், நெஞ்சு உயரத்தில். ஏப்ரலில் இரண்டு வாரம், டிசம்பரில் இரண்டு வாரம். அளந்ததை ஃபைலோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகிறது என்பதைத் தீசிஸிலேயே எழுதுங்கள். பழைய காப்பித் தோட்டங்களில் தினசரி மழைக் குறிப்பேடு இருக்கும். இன்ச், சென்ட் கணக்கில் எழுதியிருப்பார்கள். 100 சென்ட் ஒரு இன்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர். தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பணிவாகக் கேட்டால் காட்டுவார்.

வடக்கில் வெயில் வராது என்று நம்புவது

குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்திலிருந்து வருகிற நம்பிக்கை இது. சேலம் இருப்பது வடக்கே 11.7 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் அது உதிப்பதும் மறைவதும் நேர்கிழக்கு, நேர்மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி. அதனால் காலை, மாலை வெயில் வடக்கு ஜன்னலில் பக்கவாட்டில் புகும். மேலே போடும் சன்ஷேடு அதைப் பிடிக்காது, பக்கங்களில் செங்குத்துத் தடுப்பு வேண்டும். டிசம்பரிலோ சூரியன் உச்சியிலிருந்து 35 டிகிரி தெற்கே சாய்கிறது. ஏற்காட்டில் அந்த வெயில் வரம். தெற்கைத் திறந்து வையுங்கள்.

பச்சைப் பொருளைப் பட்டியலில் தேடுவது

சூழலுக்குக் கேடில்லாத பொருள் என்று பட்டியலில் பார்த்துவிட்டு, ஒருவர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மூங்கில் வரவழைப்பதாக எழுதியிருந்தார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்கிற கடினமான பாறை. கீழே மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் போடுகிறார்கள். மலைவாழ் மக்களின் பழைய வீடுகளில் மூங்கில் தட்டி மேல் மண் பூசியிருக்கும். இவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

சரிவை வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டிச் சுவர் எழுப்புவது

பின்சுவர் ஆயுள் முழுக்க ஓதம் காக்கும். இடைவெளி விடுங்கள், அதில் வடிகாலும் விடுங்கள்.

எல்லா ஊருக்கும் 24 டிகிரிதான் சுகம் என்று எழுதுவது

ஏசி ஷோரூம் கணக்கு அது. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பில் நம் நாட்டுக்கான தகவமைப்பு சுக அளவுகோல் (வெளி வெப்பத்துக்குத் தக்கபடி மாறும் சுக அளவு) இருக்கிறது, அதைப் படியுங்கள்.

கிரிஹா புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வரைவது

கிரிஹா என்பது பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுத் தரம் தரும் நம் நாட்டு முறை. வரைந்து முடித்த பிறகு கூட்டுங்கள்.

ஜூரிக்கு முந்தின வாரம் மலைப்பகுதி விதிகளைத் திறப்பது

சைட் எடுக்கும் அன்றே 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மலைப்பகுதிக்கு உரியதைப் படித்துவிடுங்கள். கட்டடத்தின் உயரம் அதில்தான் அடிபடும்.