ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்: ‘வளர்ற பிள்ளைதானே’ என்று பெரிசா வாங்காதீங்க

பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிசாக எடுப்பது நம் வீட்டு வழக்கம். டொராண்டோவில் பிள்ளையை ஹாக்கியில் சேர்க்கிற பெற்றோர் ஹெல்மெட்டிலும் அந்தக் கணக்குப் போட்டால் ஆபத்து. தொளதொள ஹெல்மெட் விழுகிற வேகத்தில் நகர்ந்துவிடும். அடி வெறும் தலையில் விழும்.

பிள்ளையைக் கடைக்கே கூட்டிப் போங்கள். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். போட்டதும், முன் விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிசு. பெரும்பாலான ஹெல்மெட்டுகளை ஓரளவு நீட்டலாம், குறுக்கலாம். தலை வளர்வதற்கு அந்த இடமே போதும்.

உள்ளே கம்பளித் தொப்பி வேண்டாம். உச்சிக் கொண்டையும் உயரக் கட்டிய குதிரைவாலும் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், தாழப் பின்னிவிடுங்கள். தாடை வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். முகக் கம்பி மறைக்கிறது என்று சில பிள்ளைகள் ஹெல்மெட்டைப் பின்னால் சாய்த்துக்கொள்ளும். அப்போது நெற்றி திறந்துவிடும்.

சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஈடாகாது. அது ஒரே பெரிய மோதலைத் தாங்கச் செய்தது. பின்மண்டையையும் அவ்வளவு இறக்கி மூடாது. பனியில் மல்லாக்க விழுவதோ சாதாரணம்.

பழசு வாங்கினால் விரிசல், கெட்டிப்பட்ட பஞ்சு, கழன்ற திருகு பாருங்கள். கனடாவில் சிஎஸ்ஏ என்ற தர அமைப்பின் விதிக்கு ஒத்துவராத ஹாக்கி ஹெல்மெட்டை விற்கக்கூடாது. ஹாக்கிக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் எச்இசிசி அமைப்பின் சான்று, தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டுக்குத்தான் செல்லும். ஓட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள ரசாயனம் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கலாம்.

பிள்ளைக்குப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு பனியில் இறங்கும் அப்பாக்களுக்கும் சொல்கிறேன்: 1968இல், வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் வீரர் பில் மாஸ்டர்டன் ஹெல்மெட் இல்லாமல் ஆடும்போது மல்லாந்து விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அப்படியும் புதிதாக வரும் வீரர்களுக்கு அந்த லீக் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 1979இல்தான்.

எவ்வளவு நல்ல ஹெல்மெட்டும் மண்டையோட்டைக் காக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அடிபட்ட பிள்ளை தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.