8 பார் லூப்பை 6 நிமிட டிராக்காக முடிப்பது எப்படி?

கணினியில் எலக்ட்ரானிக் நடன இசை செய்பவர்களில், லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் சின்ன இசைத் துண்டு) போடத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. கிக், கிளாப், ஹை-ஹாட், பேஸ், கார்டு, ஒரு லீட் (முக்கிய மெலடி) என்று 8 பார் (ஒரு பார் என்பது 4 பீட்) அருமையாகச் சுற்றுகிறது, ஆனால் அதற்கு அப்புறம் நகரவே மாட்டேன் என்கிறதா? ஒரு விஷயம் பிடிபட்ட பிறகுதான் நான் டிராக்குகளை வரிசையாக முடிக்க ஆரம்பித்தேன். நம் கையில் இருக்கும் லூப்தான் பாட்டின் உச்சம். எல்லா ஒலியும் ஒன்றுசேரும் அந்த 8 பார்தான் டிராப். மற்ற பகுதிகள் எல்லாம் அதிலிருந்து எதையாவது எடுத்துவிட்டால் கிடைப்பவை.

1. முதலில் பரப்புங்கள்

வேகம் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) என்று வைத்துக்கொள்வோம். 8 பார் 15 விநாடி, 32 பார் சரியாக ஒரு நிமிடம். லூப்பை 24 தடவை வருமாறு காப்பி செய்தால் 192 பார், அதாவது 6 நிமிடம். காப்பி செய்ய, ஏபிள்டன் மென்பொருளில் Ctrl+D, எஃப்எல் ஸ்டுடியோவில் Ctrl+B.

இப்போது மார்க்கர் வையுங்கள்: இன்ட்ரோ 32 பார், பிரேக்டவுன் (இசை அடங்கும் பகுதி) 16, பில்ட்-அப் (டிராப்பை நோக்கி ஏறும் பகுதி) 16, டிராப் 32. மறுபடியும் பிரேக்டவுன் 16, பில்ட்-அப் 16, இரண்டாவது டிராப் 32, கடைசியில் அவுட்ரோ 32. முதல் டிராப் 65-ஆம் பாரில், 2:00-க்கு விழும். இரண்டாவது 129-ஆம் பாரில், 4:00-க்கு.

உங்களுக்குப் பிடித்த ஒரு டிராக்கையும் பக்கத்தில் போட்டு, அதில் எந்த பாரில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். அது மாஸ்டர் செய்யப்பட்டது, அதனால் சத்தமாக இருக்கும். உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. வெட்டுங்கள்

மியூட் பட்டன் வேண்டாம். கிளிப்பையே அழித்துவிடுங்கள். திரையைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டின் வடிவம் தெரிய வேண்டும்.

இன்ட்ரோவில் முதலில் கிக்கும் ஹை-ஹாட்டும் போதும், 8 பாருக்கு ஒரு ஒலியாகக் கூடட்டும். லீட் மட்டும் வேண்டாம். இன்னொரு பாட்டோடு டிஜே இணைக்கும் இடம் அது, மெலடி இருந்தால் மோதும். பிரேக்டவுனில் கிக்கும் பேஸும் போகட்டும், கார்டு மட்டும் நிற்கட்டும். அவுட்ரோ இன்ட்ரோவின் தலைகீழ்.

3. டிராப்புக்கு முந்தைய 16 பார்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். டிராப்பில் அதே லூப்தான் வருகிறது, ஆனால் அடி விழவே இல்லை என்றால், குறை பெரும்பாலும் டிராப்பில் இருக்காது. பில்ட்-அப்பில் ரைசர் (மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஒலி), ஸ்னேர், ரிவெர்ப் (எதிரொலி) என்று அடுக்கியதில் அது டிராப்பை விடச் சத்தமாகிவிட்டிருக்கும்.

நான் செய்வது இது. முதல் 8 பாரில் ஸ்னேர் ஒவ்வொரு பீட்டிலும் விழும். அடுத்த 4 பாரில் இரட்டிப்பு, அதற்கடுத்த 3 பாரில் அதிலும் இரட்டிப்பு. கடைசி பாரில் ஸ்னேரும் கிடையாது, ரிவெர்ப் வால் மட்டும். கூடவே, மொத்த இசைக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து 250 வரை மெதுவாக ஏற்றுவேன். அரை நிமிடம் தாழ்ந்த ஒலிகள் குறைந்துகொண்டே போகக் கேட்ட காதுக்கு, திரும்பி வரும் பேஸ் பெரிதாகத் தெரியும். மொத்த வால்யூமையும் கடைசி 8 பாரில் ஒன்றரை டெசிபல் இறக்குவேன். இறங்குவது யாருக்கும் தெரியாது, டிராப்பில் பழைய அளவுக்கு வரும்போதுதான் உறைக்கும்.

இதெல்லாம் 65-ஆம் பாரின் முதல் பீட்டில் ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆட்டோமேஷன் கோடு (இந்த மாற்றங்களைத் திரையில் காட்டுவது) அங்கே செங்குத்தாக விழுகிறதா என்று ஜூம் செய்து பாருங்கள். கொஞ்சம் சரிந்திருந்தாலும் முதல் கிக் மெலிந்து போகும்.

ரைசருக்காக சாம்பிள் பேக் வாங்கத் தேவையில்லை. ஒயிட் நாய்ஸ் ('ஸ்ஸ்' என்ற இரைச்சல்) தரும் எந்த சின்த்திலும் அதை எடுத்து, லோ-பாஸ் ஃபில்டரை (உயர்ந்த ஒலிகளை வெட்டுவது) மெல்லத் திறந்தால் ரைசர் தயார்.

4. இரண்டாவது டிராப்

அப்படியே ஒட்டாதீர்கள். லீடை ஓர் ஆக்டேவ் ஏற்றலாம், புது பெர்கஷன் சேர்க்கலாம். ஒன்று மாறினால் போதும்.

பின்சேர்க்கை

ஏபிள்டனில் செஷன் வியூவிலிருந்து (கிளிப்புகளைத் தனித்தனியாக ஓடவிடும் பக்கம்) ரெக்கார்டு செய்தவர்கள், அரேஞ்ச்மென்ட்டில் (பாட்டு வரிசையாகத் தெரியும் பக்கம்) கிளிப்புகள் மங்கலாகத் தெரிகின்றன, எதை மாற்றினாலும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். செஷன் கிளிப்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் வரும் சிக்கல் இது. மேலே இருக்கும் 'பேக் டு அரேஞ்ச்மென்ட்' பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

இன்னொன்று: எக்ஸ்போர்ட் செய்தால் முடிவு வெட்டுப்படுகிறது என்கிறார்கள். 192-ஆம் பாரோடு நிறுத்தாமல், ரிவெர்ப் முழுதாக அடங்கும் வரை இன்னும் 4 பார் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.