அமெரிக்கன் ஃபுட்பால் டாக்கிள்: வீடியோவை வைத்தே விசையைக் கணக்கிடலாம்

பந்தோடு ஓடி வருபவரை எதிரணி வீரர் மோதிச் சாய்ப்பதுதான் டாக்கிள். எடை கூடியவர் மோதினால் மற்றவர் பின்னால்தான் விழுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியா என்று ஒரு மேட்ச் வீடியோவை வைத்தே பார்த்துவிடலாம். உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம், இது நினைவிருந்தால் போதும்.

படி 1: வீடியோ

இருவரும் நேருக்கு நேர் வந்து மோதும் என்.எஃப்.எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) காட்சி ஒன்றை எடுங்கள். ஸ்லோமோஷன் ரீப்ளே வேண்டாம், நேரக் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். டிராக்கர் என்ற இலவச மென்பொருள் அசையாத கேமராவுக்கு அருமையானது. டிவி ஒளிபரப்புக்கு வி.எல்.சி பிளேயரே எனக்குப் பிடித்தது. கீபோர்டில் ஆங்கில E எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக நகரும். நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை வி.எல்.சி-யின் கோடெக் தகவல் (Codec Information) பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேகம்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கேமரா வீரரோடு சேர்ந்தே திரும்பும். வேகமாக ஓடுபவர் திரையில் நின்ற இடத்திலேயே இருப்பதுபோலத் தெரிவார். ஆகவே திரையில் பிக்சலை அளப்பதில் பயனில்லை, மைதானத்தைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். 5 யார்டுக்கு ஒரு வெள்ளைக்கோடு இருக்கும், அதாவது 4.57 மீட்டர். வீரரின் தலையைப் பார்க்காதீர்கள். கேமரா மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் தலை வேறு கோட்டின் மேல் இருப்பதாகத் தோன்றும். தரையில் ஊன்றும் பாதத்தைப் பாருங்கள்.

நொடிக்கு 30 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 18 பிரேம் ஆனால் 0.6 நொடி. வேகம் நொடிக்கு 7.6 மீட்டர்.

படி 3: மோதல்

ஓடுபவர் 100 கிலோ என்றால் உந்தம் 760. தடுப்பவர் 105 கிலோ, எதிர்த்திசையில் நொடிக்கு 5 மீட்டர் என்றால் 525. எதிர்த்திசை என்பதால் கழிக்க வேண்டும்: 235. இருவரும் கட்டிப்பிடித்தபடி 205 கிலோவாக நகர்வதால், வேகம் நொடிக்கு 1.15 மீட்டர், அதுவும் ஓடுபவரின் திசையில். எடை கூடியவர்தான் பின்னால் போகிறார்!

படி 4: விசை

முதல் தொடுதலிலிருந்து இருவரும் ஒன்றாக நகரத் தொடங்கும் வரை உள்ள பிரேம்களை மட்டும் எண்ணுங்கள். கீழே விழும்வரை எண்ணினால் விசை மிகக் குறைவாக வந்துவிடும். 6 பிரேம் என்றால் 0.2 நொடி. ஓடுபவரின் வேகம் 6.45 குறைந்திருக்கிறது. இதை 100 கிலோவால் பெருக்கி 0.2 நொடியால் வகுத்தால் சராசரி விசை சுமார் 3,200 நியூட்டன், ஏறக்குறைய 330 கிலோவின் எடை. உச்ச விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். ஆனால் தலை சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை நிலைமத்தால் தொடர்ந்து நகரும். ஹெல்மெட் இருக்கிறதே என்று தலையால் மோதக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பவுலின் (என்.எஃப்.எல் இறுதிப்போட்டி) கடைசி நொடிக் காட்சியை அவசியம் பாருங்கள். டென்னசி டைட்டன்ஸின் கெவின் டைசன், தொட்டால் புள்ளி கிடைக்கும் எல்லைக்கோட்டை நோக்கிப் பந்தோடு பாய்கிறார், செயின்ட் லூயிஸ் ராம்ஸின் மைக் ஜோன்ஸ் அவர் காலைப் பிடித்துவிடுகிறார். கால் நின்றாலும் மேலுடல் நிலைமத்தால் முன்னே போகிறது. டைசன் கையை நீட்டியும் ஏறத்தாழ ஒரு யார்டு எட்டவில்லை. ராம்ஸ் 23–16 என்று வென்றது. நேர்க்கோட்டுக் கணக்கு மட்டும் இந்த டாக்கிளை விளக்காது, உடலின் சுழற்சியும் சேர வேண்டும்.

பின்சேர்க்கை: சாய்வாக ஓடுபவரை எப்படி அளப்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நடுவே இரண்டு வரிசையாக ஹாஷ் மார்க் எனும் சிறுகோடுகள் இருக்கும். என்.எஃப்.எல்-இல் இரு வரிசைக்கும் இடைவெளி 5.64 மீட்டர். அதை வைத்துப் பக்கவாட்டுத் தூரத்தைக் கண்டு, பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள். கல்லூரி மேட்ச் வீடியோ என்றால் அந்த இடைவெளி 12.19 மீட்டர், எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.