ஃபின்லாந்தின் கிறிஸ்துமஸ் விருந்து: சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபின்லாந்தில் கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 25-ஆம் தேதி அல்ல, 24-ஆம் தேதி மாலையிலேயே பரிமாறப்படுகிறது. அன்று நண்பகல் 12 மணிக்குத் துர்க்கு நகரில் வாசிக்கப்படும் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, பாற்கஞ்சி சாப்பிட்டு, கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் குளித்துவிட்டு வந்த பிறகே பல குடும்பங்கள் மேசையில் அமர்கின்றன. ஆகவே 24-ஆம் தேதி காலையில் சமையலைத் தொடங்குபவர் முதல் தவறை அப்போதே செய்துவிடுகிறார். பழைய பண்ணை வீடுகளில், ரொட்டி சுட்டு முடித்த பெரிய செங்கல் அடுப்பில் மிஞ்சியிருந்து மெல்லத் தணியும் சூட்டில் மணிக்கணக்காக வெந்த பதார்த்தங்களே இந்த விருந்தின் உயிர்நாடி. வெப்பத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பதே இந்தச் சமையலைக் கெடுக்கும் தவறுகளில் முதன்மையானது.

மேசையின் நடுவில் வீற்றிருக்கும் உப்பிட்ட பன்றித் தொடையை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் உறைந்த நிலையில்தான் கடையிலிருந்து வருகிறது. ஏழெட்டு கிலோ எடையுள்ள துண்டு குளிர்பதனப் பெட்டிக்குள் முழுமையாக இளக மூன்று நான்கு நாட்களாவது ஆகும். எலும்பைச் சுற்றிப் பனிக்கட்டி இருக்கும்போதே ஓவனில் வைத்துவிட்டால் வெளிப்பகுதி வறண்டு நாராகிவிடும், உட்பகுதியோ வேகாமல் நிற்கும். ஓவனின் வெப்பம் 100 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். அதனால்தான் பலர் 23-ஆம் தேதி இரவே இறைச்சியை ஓவனில் வைத்துவிட்டு உறங்கச் செல்கிறார்கள். கிலோவுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கை மட்டும் நம்புவது ஆபத்தானது. இறைச்சி வெப்பமானியின் முனையை, எலும்பில் படாதவாறு, மிகத் தடித்த பகுதியின் நடுவில் செருக வேண்டும். எலும்பில் பட்டால் அது காட்டும் எண் பொய்யாகிவிடும். உள்வெப்பம் 77 முதல் 80 டிகிரியை எட்டியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே தோலையும் மிகுதியான கொழுப்பையும் சீவி நீக்கி, கடுகு விழுதைப் பூசி, ரொட்டித்தூளைத் தூவி, கிராம்புகளைக் குத்தி, மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை சில நிமிடங்கள் மட்டும் அதிக வெப்பத்தில் வைப்பது முறை. கடுகையும் ரொட்டித்தூளையும் தொடக்கத்திலேயே பூசுபவர்களுக்கு, இறைச்சியிலிருந்து வடியும் சாற்றில் ஊறிச் சொதசொதத்துப்போன மேற்பூச்சே கிடைக்கும்.

அடுத்தது, தென் ஃபின்லாந்தின் ஹாமே பகுதிக்கே உரிய, சாதாரண உருளைக்கிழங்கை மசித்து இனிக்கச் செய்து ஓவனில் சுடும் பேக் (சர்க்கரைவள்ளிக் கிழங்கு அல்ல). இந்த விருந்தில் மிக நுட்பமான பதார்த்தம் இதுதான் என்பது என் கருத்து; அதிகம் கெடுக்கப்படுவதும் இதுவே. இதன் இனிப்பு சர்க்கரையிலிருந்து வருவதல்ல. வேகவைத்து மசித்த கிழங்கில் சிறிதளவு கோதுமை மாவைக் கலந்து வெதுவெதுப்பாக வைத்திருந்தால், மாவிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி கிழங்கின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. கிழங்கு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே மாவைச் சேர்த்தால் அந்த நொதி அழிந்துவிடும்; பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் இனிப்பு வராது. மசியல் 65 டிகிரி அளவுக்கு ஆறிய பின் மாவைத் தூவிக் கலந்து, மூடி, 50 டிகிரிக்குக் குறையாமலும் 75 டிகிரியைத் தாண்டாமலும் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சரியாக நடக்கிறதா என்பதை நாக்கும் கண்ணுமே சொல்லிவிடும்: கரண்டியில் கெட்டியாக நின்ற மசியல் மெல்லத் தளர்ந்து கூழ்போல வழியத் தொடங்கும், சுவைத்தால் இளம் இனிப்புத் தெரியும். அந்த இனிப்பு தெரிவதற்கு முன்பே பொறுமையிழந்து பாகை ஊற்றுவதும், பாலைச் சேர்த்து ஓவனில் தள்ளுவதும் பெரிய பிழைகள். இனித்த பிறகு பால், வெண்ணெய், உப்பு சேர்த்து, 150 டிகிரியில் மேற்புறம் ஆழ்ந்த பழுப்பு நிறம் அடையும்வரை வேகவிட வேண்டும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பினால் கலவை பொங்கி ஓவனின் அடியில் கருகும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதுமானது.

டர்னிப்பை ஒத்த, மஞ்சள் சதையுள்ள லன்ட்டு கிழங்கில் செய்யும் பேக்கில் நேரும் தவறுகள் எளிமையானவை. துண்டுகள் குழைய வேகாவிட்டால் மசியலில் நார் தட்டுப்படும். நீரைச் சரியாக வடிக்காவிட்டால் பேக் இறுகாது. சூடான மசியலில் முட்டையை உடைத்து ஊற்றினால் அது திரிந்து நூல்நூலாகும். ரொட்டித்தூளை முன்னதாகவே கிரீமில் ஊறவைத்துக்கொள்வது நல்லது. சுக்குப் பொடி, ஜாதிக்காய், வெள்ளை மிளகு ஆகியவற்றை அளவோடு சேர்க்கலாம். ஆனால் மசாலாவுக்குப் பழகிய நம் கை இங்கே அடங்கியிருக்க வேண்டும். கிழங்கின் லேசான கசப்பும் இதில் சேர்க்கும் பாகின் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இந்தப் பதார்த்தத்தின் அழகு.

உப்பில் பதப்படுத்தும் பச்சை சால்மன் மீனில் கவனம் சுவையைப் பற்றியது மட்டுமன்று, உடல்நலத்தைப் பற்றியதும்கூட. உப்பு, சிறிது சர்க்கரை, சதகுப்பை இலை ஆகியவற்றோடு குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்துப் பரிமாறும் இந்த மீன் அடுப்பைக் காண்பதே இல்லை. இயற்கை நீர்நிலைகளில் பிடித்த மீனாக இருந்தால், ஒட்டுண்ணிகளை அழிப்பதற்காக முதலில் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும். ஆனால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உறைநிலையிலும் உயிர் பிழைக்கும். ஆகவே கருவுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதைப் பரிமாறக் கூடாது, அவர்களுக்கென நன்றாக வெந்த மீனைத் தனியே செய்துவைப்பதே முறை. காரநீரில் (மிளகாய்க் காரமல்ல, சோடா போன்ற காரப்பொருள் கரைத்த நீரில்) ஊறிய உலர்மீனைச் சமைப்பவர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்க்க வேண்டும். மீனில் எஞ்சியிருக்கும் காரப்பொருள் அந்தப் பாத்திரத்தை அரித்துவிடும். அந்த மீன் அளவுக்கு மீறி வெந்தாலும் கரைந்து கூழாகிவிடும்.

ரொசோல்லி என்னும் சாலட்டில் பீட்ரூட்டை முதலிலேயே கலந்துவிட்டால் உருளைக்கிழங்கு, கேரட், ஆப்பிள், ஊறுகாய் வெள்ளரி எல்லாமே ஒரே சிவப்பாகிவிடும். அதைக் கடைசியில் சேர்க்கலாம், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி வரிசையாக அடுக்கலாம். நண்பகல் பாற்கஞ்சிக்கு பாஸ்மதி போன்ற நீண்ட அரிசி பொருந்தாது. மாவுச்சத்து மிகுந்த குட்டை அரிசியை முதலில் சிறிது நீரில் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்றி மிகச் சிறிய தீயில் அடிபிடிக்காமல் கிளறியபடி வேகவைக்க வேண்டும். உப்பைக் கடைசியில் சேர்ப்பதே வழக்கம். கஞ்சியில் ஒளித்துவைக்கும் ஒற்றை முழு பாதாம், அதைக் கண்டெடுப்பவருக்கு நற்பேறு தரும் என்பது நம்பிக்கை.

உலர் பிளம் ஜாம் வைத்த நட்சத்திரப் பேஸ்ட்ரிக்கு, மாவுத்தாள் குளிர்ச்சியாக இருக்கும்போதே நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி வெட்ட வேண்டும், ஆனால் நடுப்புள்ளி வரை வெட்டிவிடக் கூடாது. மேலே தடவும் முட்டை வெட்டிய ஓரங்களில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு உப்பாமல் போகும்.

விருந்து முடிந்தபின் இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதும் தவறே. அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஃபின்லாந்தில் 2016-இல் இந்தக் கொழுப்பை வீடுகளிலிருந்து திரட்டிப் புதுப்பிக்கத்தக்க டீசல் தயாரிக்கும் இயக்கமே தொடங்கப்பட்டது. அதற்காக உறைந்த கொழுப்பைக் காலியான பால் அட்டைப்பெட்டியில் சேர்த்துக் கொடுத்தார்கள். எலும்பை எறியாமல் பட்டாணி சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் ஏற்கெனவே உப்பு இறங்கியிருப்பதால், சூப் வெந்து முடிந்து ருசி பார்க்கும்வரை மேற்கொண்டு உப்புச் சேர்க்க வேண்டாம்.