அளவு சரியாக இருந்தும் தவறிப்போகும் பாகங்கள்: விமான உற்பத்திப் பொறியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத் துறையில் உற்பத்திப் பொறியாளராகச் சேர்பவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு, அளவுக்கருவி ஏற்றுக்கொண்ட பாகத்தை முழுவதும் சரியான பாகம் என்று எடுத்துக்கொள்வது. என்ன வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் வரைபடத்தில் சொல்லிவிடுகிறார். அதை எந்த இயந்திரத்தில், எந்த வரிசையில், எங்கே பிடித்து, எந்த வேகத்தில் வெட்டிச் செய்வது என்று தீர்மானிப்பவர் உற்பத்திப் பொறியாளர். அந்தத் தீர்மானங்களில் நேரும் பிழைகளில் பல, பாகம் பறக்கத் தொடங்கி ஆண்டுகள் சில கடந்த பிறகே வெளியே தெரிகின்றன.

அமெரிக்காவின் பென்சகோலா விமான நிலையத்தில் 1996 ஜூலை 6 அன்று டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம் மேலெழ ஓடிக்கொண்டிருந்தபோது, இடது இன்ஜினின் முன்விசிறி ஹப் (விசிறி இறக்கைகளைத் தாங்கும் நடுவட்டு) உடைந்து, அதன் துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்ததில் இருவர் இறந்தனர். விசாரணை அந்த டைட்டானிய ஹப்பில் இருந்த ஒரு துளையில் போய் நின்றது. துளையிடும்போது உண்டான கடும் வெப்பம் அவ்விடத்தில் உலோகத்தின் நுண்ணமைப்பையே மாற்றியிருந்தது. விரிசல் அங்கேதான் பிறந்தது. தயாரித்த நேரத்தில் நடந்த ஆய்வு அந்தச் சேதத்தைக் கழிக்க வேண்டிய குறையாக அடையாளம் காணவில்லை. பின்னாளில் பராமரிப்பின்போது நடந்த சாய ஊடுருவல் சோதனையும் (பரப்பு விரிசல்களுக்குள் சாயத்தை ஊறவைத்து அவற்றைக் காணும் முறை) விரிசலைத் தவறவிட்டது. இத்தகைய சேதத்தைத் துளையின் விட்டத்தை அளந்து கண்டுபிடிக்க முடியாது.

டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், வெட்டும் முனையில் உண்டாகும் சூடு அங்கேயே தேங்குகிறது. கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவம் சரியாகப் பாயாமல் போனாலோ, வெட்டிய உலோகச் சில்லுகள் துளைக்குள் அடைத்துக்கொண்டாலோ, தேய்ந்த ட்ரில்லை இன்னும் இரண்டு துளைகளுக்குத் தாங்கும் என்று விட்டுவைத்தாலோ, பாகம் அளவில் பொருந்தியபடியே உள்ளுக்குள் கெட்டுவிடும். இன்ஜினின் சுழலும் முக்கிய பாகங்களுக்கு ஒப்புதல் பெற்ற செய்முறையை அப்படியே உறையவைத்து, ட்ரில்லின் வகையை மாற்றுவதற்குக்கூட மறுபடி ஒப்புதல் கேட்பது இதனால்தான். சில நொடிகளை மிச்சப்படுத்த ஊட்டவேகத்தை (கருவி உலோகத்துக்குள் முன்னேறும் வேகத்தை) கூட்டிவிட்டு, சோதனைப் பாகம் நன்றாக வந்தது என்று மகிழ்கிற பொறியாளர் பிற தொழில்களில் பாராட்டுப் பெறலாம். இங்கே அவர் எதைத் தொட்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இரண்டாவது தவறு நுட்பமானது. வடிவமைப்பு வரைபடம் ஓர் அளவை எந்த டேட்டத்திலிருந்து, அதாவது எந்த ஆதாரப் பரப்பிலிருந்து குறிக்கிறதோ, அதைக் கைவிட்டு, பிடிப்பதற்கும் அளப்பதற்கும் வசதியான வேறொரு பரப்பை உற்பத்தி வரைபடத்தில் டேட்டமாக வைத்துக்கொள்வது. 2010 நவம்பர் 4 அன்று, 469 பேருடன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380 விமானத்தின் ஓர் இன்ஜின் வெடித்தது. சிறிய எண்ணெய்க் குழாய் ஒன்றின் உள்துளை மையம் விலகிக் குடையப்பட்டதால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, களைப்பு விரிசல் (சுமை திரும்பத் திரும்ப விழுவதால் வரும் விரிசல்) விட்டு, கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, டர்பைன் வட்டு பிய்த்துக்கொண்டு போனது என்று ஆஸ்திரேலிய விசாரணை கண்டறிந்தது. வடிவமைப்பு குறிப்பிட்ட டேட்டம், குழாய் பொருத்தப்பட்ட பிறகு எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டதால், உற்பத்தி வரைபடம் வேறொன்றை எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகலாம் என்ற கேள்வியை யாராவது எழுப்பியிருந்தால் இந்தக் குழாய் அப்போதே பிடிபட்டிருக்கலாம். அந்த விமானத்தில் யாரும் உயிரிழக்கவில்லை என்பதற்கான பெருமை விமானிகளைச் சேரும்.

டேட்டத்தை மாற்றுவது பல நேரங்களில் தவிர்க்க முடியாததுதான். ஆனால் மாற்றுகிறவர் டாலரன்ஸ் கூட்டலை (அனுமதித்த விலகல்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கை) காகிதத்தில் போட்டுப் பார்த்து, வடிவமைப்பாளரிடம் காட்டி, இறுதிச் சோதனையாவது மூல டேட்டத்திலிருந்து நடக்கும்படி வரிசையை அமைக்க வேண்டும். வெட்டும்போதும் அளக்கும்போதும் ஒரே தவறான பரப்பை நம்பினால், பிழை தன்னையே சரிபார்த்துக்கொண்டு அழகாகத் தேறிவிடும்.

அளப்பதைப் பற்றிப் பேசும்போது வெப்பநிலையை விட முடியாது. வரைபடத்தில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 23 மைக்ரான் நீள்கிறது. மூன்று மீட்டர் நீளப் பாகம் ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இயந்திரத்திலிருந்து இறக்கிய கையோடு அளப்பதும், பாகத்தைப் பிடித்து வைக்கும் பிக்சரின் பிடியில் இருக்கும்போதே அளந்துவிட்டு நிம்மதி அடைவதும் ஒரே வகைத் தவறுகள். தடித்த அலுமினியத் தட்டின் பெரும்பகுதியைக் குடைந்து எடுத்தபின் உள்ளழுத்தம் விடுபட, பிடியைத் தளர்த்தியதும் பாகம் வளைந்துகொள்ளும். இரு பக்கங்களையும் மாறிமாறி வெட்டி, இடையில் ஒருமுறை பிடியை விடுவித்து மீண்டும் பிடிப்பது நேரம் பிடிக்கும் வேலைதான். வளைந்த பாகத்தைக் கழித்துவிட்டு முதலிலிருந்து செய்வது அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

சிறிதாகத் தெரியும் சில விஷயங்களும் உண்டு. அலுமினியத்தின்மீது சாதாரண பென்சிலால் குறியிட்டால் அதிலுள்ள கிராஃபைட் அரிப்புக்கு வழி செய்யும். உறைநிலையில் வைத்த, ரெசின் ஊறிய கார்பன் இழைத் துணியை உறை பிரிக்காமலே அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் அதன்மேல் படிந்துவிடும். இவற்றை, ஆபரேட்டர் படிப்படியாகப் பின்பற்றும் செய்முறைத் தாளில் எழுதாமல், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

செய்முறைத் தாள்தான் உற்பத்திப் பொறியாளரின் உண்மையான படைப்பு என்று நான் நினைக்கிறேன். அதைத் தன் மேசையிலேயே எழுதி முடிப்பவர், 'போல்ட்டைத் தேவையான அளவு இறுக்கவும்' போன்ற வரிகளை எழுதிவிடுவார். முறுக்குவிசையின் எண்ணைக் கொடுத்தால்கூடப் போதாது. மசகு தடவிய மரையும் உலர்ந்த மரையும் ஒரே முறுக்குவிசையில் வெவ்வேறு இழுவிசையைத் தரும். எனவே எந்த நிலையில், எந்த வரிசையில், எத்தனை சுற்றில் இறுக்குவது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியதை வாங்கிச் செய்பவர் அருகில் ஒரு ஷிப்ட் முழுவதும் நின்று பார்த்தால், எந்த வரி அவரைத் தயங்க வைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

டாலரன்ஸை 0.02 மில்லிமீட்டர் மீறிய பாகத்தைப் பார்த்து, இதனால் ஒன்றும் ஆகாது என்று தானே முடிவு செய்வதும் எல்லை மீறல். அந்த இடத்தில் என்ன சுமை விழுகிறது என்பதை அறிந்தவர் வடிவமைப்பாளர். விலகலைப் பதிந்து அவரிடம் அனுப்புவதே உற்பத்திப் பொறியாளரின் வேலை. உற்பத்தி இரண்டு ஆண்டுகள் நின்றிருந்தாலோ, இயந்திரமோ இடமோ முறையோ மாறினாலோ, முதல் பாக ஆய்வை (முதலில் தயாரான பாகத்தை வரைபடத்தோடு முழுவதும் ஒப்பிடுவதை) தேவையான அளவுக்குத் திரும்பச் செய்ய விமானத் துறையின் ஏஎஸ்9102 தரநிலை கேட்கிறது. இதையும் அலுவலகச் சடங்காகப் பார்ப்பவர்கள் உண்டு.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737-9 விமானத்தில் கதவு அடைப்பு (பயன்படுத்தாத அவசரக் கதவின் இடத்தை மூடும் பலகை) நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. ரிவெட்டுகளைத் திருத்துவதற்காகத் தொழிற்சாலையில் அந்த அடைப்பைத் திறந்தபோது நான்கு போல்ட்டுகள் கழற்றப்பட்டன. அவை திரும்பப் பூட்டப்படவில்லை. அடைப்பைத் திறந்ததற்கான பதிவும் கிடைக்கவில்லை. பதிவு இல்லாததால், மூடியதைச் சரிபார்க்க யாருக்கும் அழைப்பு போகவில்லை. மறுவேலைக்கான தாளை எழுதும் பொறியாளர், திருத்த வேண்டிய ரிவெட்டை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நின்றுவிடாமல், அதை எட்டுவதற்கு எவற்றைத் திறக்கவும் கழற்றவும் வேண்டியிருக்கும் என்று விமானத்தின் அருகில் போய்ப் பார்த்து, கழற்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியும், திரும்பப் பூட்டியதற்கு இன்னொரு வரியும், அந்த வரிக்கு எதிரே ஆய்வாளர் கையெழுத்துக்கு ஓர் இடமும் ஒதுக்கித் தர வேண்டும்.